கடல் வலது கைப் பக்கம்

மூன்றாவது முறையாகச் சைக்கிளை நிறுத்திவிட்டு டிரைவர் திருதிருவென்று முழித்தார்.

"இதுவா மாமா?" என்றாள் பின்னால் வந்த கண்டக்டரின் மகள்.

இல்லை. மரம் இருக்கிறது, குட்டைச் சுவர் இருக்கிறது, கடலும் இருக்கிறது. ஆனாலும் இது அந்த இடமில்லை.

இருபத்திரண்டு வருடம் இதே மலைச்சாலையில் பஸ் ஓட்டியவர். சாலை அவருக்குத் தண்ணி பட்ட பாடு. வளைவுகளைக் கியரை வைத்துத்தான் ஞாபகம் வைத்திருந்தார். இது செகண்ட் கியர் வளைவு, இது ஃபர்ஸ்ட் கியர் வளைவு, இது தேர்டிலேயே தம் கட்டித் தூக்கிவிடலாம். கண்ணைக் கட்டிவிட்டாலும் ஓட்டுவேன் என்று பீற்றிக்கொண்டதும் உண்டு.

மலையைக் குடைந்து சுரங்கப்பாதை போட்ட பிறகு பழைய சாலையைப் பூங்காக்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள். இப்போது பஸ், லாரி, கார் எதுவும் கிடையாது. சைக்கிள் மட்டும்தான். வாசலிலேயே வாடகைக்குத் தருகிறார்கள், கூடவே ஒரு ஹெல்மெட்டும்.

அந்த ஹெல்மெட்டில் அவர் எப்படி இருந்தார் என்பதைச் சொல்லாமல் விடுவதுதான் மரியாதை.

சைக்கிளிலும் கியர் இருந்தது. பஸ் கியருக்கும் அதற்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. எல்லா வளைவும் முட்டியில் ஒரே மாதிரிதான் வலித்தது. இதில் செகண்ட் எது, ஃபர்ஸ்ட் எது என்று யார் கண்டது? போதாக்குறைக்கு, இடது கால் அடிக்கொருதரம் கிளட்ச்சைத் தேடியது.

கண்டக்டரின் மகள் பொறுமையாகத்தான் இருந்தாள். அப்பா இறந்தபோது அவளுக்கு ஏழு வயது. இப்போது பல் டாக்டர். இறந்தவர் பெயரில் பெஞ்சு போட்டுக்கொள்ளப் பூங்காவில் அனுமதி தருகிறார்கள். விண்ணப்பத்தில் எல்லாக் கட்டத்தையும் நிரப்பிவிட்டாள். 'இடம்' என்ற கட்டம் மட்டும் காலி. எத்தனையாவது வளைவு என்று எழுதி, சாயங்காலம் ஆபீசை மூடுவதற்குள் கொடுத்தாக வேண்டும்.

அப்பா விழுந்த இடத்தில்தான் பெஞ்சு வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாள். அந்த இடத்தைப் பார்த்தவர்களில் இன்னும் உயிரோடு இருப்பது இவர் ஒருவர்தான். தூறலில், நின்றிருந்த காலி பஸ்ஸிலிருந்து கண்டக்டர் இறங்கினார், கால் வழுக்கிப் பள்ளத்தில் விழுந்துவிட்டார் என்று ஊருக்கெல்லாம் சொன்னவரும் இவர்தான். காட்டுகிறேன் என்று ஒப்புக்கொண்டுவிட்டார்.

பிரச்சினை இதுதான். இந்தச் சாலையில் ஏறும்போது கடல் வலது கைப் பக்கம். இறங்கும்போது இடது கைப் பக்கம். இதில் சின்னப் பிள்ளைக்குக்கூடச் சந்தேகம் வராது.

அவர் மனதில் இருந்த இடத்தில் கடல் வலது கைப் பக்கம். சாய்ந்த மரம் ஒன்று, அதன் அடியில் குட்டைச் சுவர். மரத்தைத் தாண்டிச் சாலை கீழே இறங்குகிறது.

கடல் வலது பக்கம் என்றால் அவர் ஏறிக்கொண்டிருக்க வேண்டும். எதிரே சாலை சரிகிறது என்றால் இறங்கிக்கொண்டிருக்க வேண்டும். இரண்டும் எப்படி ஐயா ஒன்றாக நடக்கும்?

ஒருமுறை உச்சிவரை ஏறிப் பார்த்தாயிற்று. இறங்கியும் பார்த்தாயிற்று. இது இரண்டாவது ஏற்றம். கடலைத்தான் யாராவது இடம் மாற்றி வைத்துவிட்டார்களா, தன் மண்டைதான் கழன்றுவிட்டதா என்று புரியாமல் மிதித்தார். பயமாகவும் இருந்தது. இருபது வருடமாகக் கண்ணை மூடினால் வந்து நிற்கிற இடம் இது. அதுவே பொய்யா?

அடுத்த வளைவைத் தாண்டியபோது பின்னால் சத்தமே இல்லை. பிள்ளை களைத்துவிட்டாளோ?

கழுத்தைத் திருப்பினால் சைக்கிள் ஆடியது. கைப்பிடியின் வலது முனையில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கண்ணாடி இருந்தது. வண்டியே வராத சாலையில் இது என்னத்துக்கு என்று காலையில் அவரேதான் அதை மடக்கி விட்டிருந்தார். இப்போது நிமிர்த்தினார்.

கண்ணாடியில் கடல் வலது கைப் பக்கம் இருந்தது.

மரம் சாய்ந்திருந்தது. அடியில் குட்டைச் சுவர். அதைத் தாண்டிச் சாலை கீழே இறங்கியது.

டிரைவர் காலை ஊன்றி நின்றார்.

நின்றிருந்த பஸ், நின்றிருந்த பஸ் என்று இருபது வருடம் சொல்லிச் சொல்லி, அவரே அதை நம்பிவிட்டிருந்தார். நின்றிருந்த பஸ்ஸின் டிரைவருக்குக் கண்ணாடியில் என்ன வேலை?

அன்று மேலேயிருந்து லாரி வந்தது. வழிவிடுவதற்காகப் பஸ்ஸைப் பின்னால் எடுத்தார். கண்டக்டர் இறங்கிப்போய், அந்த மரத்தடியில் நின்று, வரலாம் வரலாம் என்று கையை ஆட்டினார். பிறகு கண்ணாடியில் ஆள் இல்லை.

இப்போது அந்த மரத்தடியில் கண்டக்டரின் மகள் நின்றாள். சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு, கடலைப் பார்த்துவிட்டு, அவரைப் பார்த்துச் சிரித்தபடி கையை ஆட்டினாள்.

"பெஞ்சுக்கு இந்த இடமே நல்லாருக்கு மாமா! திரும்பி வாங்க, வாங்க!"

ஏற்றத்தில் நின்ற சைக்கிள் மெல்லப் பின்னால் உருண்டது. அவர் இரண்டு பிரேக்கையும் இறுக்கிப் பிடித்தார்.