சாயும் பக்கம்

ஆல்வினுக்குச் சர்க்கரை இறங்குவதைப் பன்னிரண்டு வருடமாக அவனுக்கு முன்பே கண்டுபிடித்தவள் அவன் மனைவி ஜெசிந்தா. பிடரியில் கை வைப்பாள். வியர்வை சில்லென்றிருந்தால் ஒரு கரண்டி சீனியை அவன் வாயில் போடுவாள். இப்போது அந்த வேலையை அவன் இடது கையின் மேல்பகுதியில் ஒட்டியிருக்கும் சென்சார் பார்க்கிறது. சர்க்கரையை அளந்து இடுப்பிலிருக்கும் பம்புக்குச் சொல்கிறது. ஏறினால் பம்பு இன்சுலினைக் கூட்டும், இறங்கினால் நிறுத்தும். இரண்டும் தங்களுக்குள்ளேயே பேசி முடித்துக்கொள்கின்றன. அவளை ஒரு வார்த்தை கேட்பதில்லை.

"இப்பத்தான் நிம்மதியா இருக்கு" என்று சென்சாரைத் தடவிக்கொண்டான். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஞாயிறு மதியம் டிவி பார்க்கும்போது அவன் இடது கையை இறுக்கிக்கொண்டு சாய்ந்தாள். கால் மணி நேரத்தில் பம்பு அலறியது. சர்க்கரை இறங்கிவிட்டதாம். பிடரியைத் தொட்டுப் பார்த்தாள். காய்ந்திருந்தது.

"ஜெசி, சீனி எடு" என்றான் பதற்றமாக.

அவள் எடுத்து வந்து ஊட்டினாள். மறுநாளும் சாய்ந்தாள். அதற்கு மறுநாளும்.

மாதக் கடைசியில் செக்கப்புக்குப் போனபோது நர்ஸ் விஷயத்தைச் சொல்லிவிட்டார். சென்சாரை அழுத்தினால் தப்பாகத்தான் காட்டுமாம்.

"இந்தத் தடவ புது சென்சார வலது கையில ஒட்டிவிடு. நீ சாயிற பக்கம் வேண்டாம்" என்றான் ஆல்வின்.

சுருக்கமில்லாமல் ஒட்டிவிட்டாள். அன்று மதியம் சீனி டப்பாவோடு வந்து, அவனுக்கு வலப்பக்கம் உட்கார்ந்தாள்.