கெங்கம்மாளின் குறுக்கு விசாரணை

இலவச வக்கீலையே வேண்டாம்னு சொன்ன ஆளை அன்னிக்குத்தான் பார்த்தேன். அந்த இலவச வக்கீல் நான்தான். எரிச்சல் வருமா, வராதா?

கெங்கம்மாளுக்கு ஜவ்வாது மலை. புருஷன் போய் நாலு வருஷம். அவங்க நிலத்துல நிக்கற புளியமரம் தன்னோடதுன்னு கொழுந்தன் ஆனந்தன் கேஸ் போட்டிருந்தார். வருஷா வருஷம் மூட்டை மூட்டையா காய்க்கற மரம். மலையில நிலம் ஒருத்தருக்கு, அதுல நிக்கற மரம் இன்னொருத்தருக்குன்னு ஒரு வழக்கம் உண்டுதான். ஆனா பட்டா கெங்கம்மாள் பேர்ல. ஆனந்தன்கிட்ட ஒரு துண்டுச் சீட்டுகூட இல்ல. தூங்கிக்கிட்டே ஜெயிக்கலாம்.

"எங்கேஸ நானே பேசிக்கிறேங்க"ன்னுட்டாங்க. சரி, பட்டாத்தான் புத்தி வரும்னு உட்கார்ந்து வேடிக்கை பார்த்தேன்.

ஆனந்தன் கூண்டுல ஏறினதும் இடுப்புல கையை வெச்சுக்கிட்டு ஆரம்பிச்சாங்க.

"மரத்த நட்டது யாரு, சொல்லு பாக்கலாம்."

"எங்கப்பா."

"தண்ணி ஊத்தி வளத்தது யாரு? நீதான? இல்லன்னு சொல்லிடுவியா?"

ஆனந்தன் தன் வக்கீலைத் திரும்பிப் பார்த்தார்.

"உங்கப்பா சாவறப்போ, மரம் சின்னவனுக்குன்னு சொன்னாரா இல்லியா? எங்காதால கேட்டேனே. மறைக்கப் பாக்கறியா?"

எதிர்த்தரப்பு வக்கீலுக்கே வாய் பிளந்துடுச்சு. நீதிபதி கண்ணாடியைக் கழட்டிட்டு, அம்மா, நீங்க யாருக்காகப் பேசறீங்கன்னு கேட்டார். எனக்காகத்தாங்கன்னாங்க விறைப்பா. பட்டா எங்கேன்னா, வூட்லயே மறந்துட்டாங்களாம்.

எதிராளியே ஒத்துக்கிட்டா கோர்ட் என்ன பண்ணும்? அடுத்த வாய்தாவுல மரம் ஆனந்தனுக்குன்னு தீர்ப்பாச்சு. மனுஷன் மீசையைத் தடவிக்கிட்டு, அண்ணியைத் திரும்பிக்கூடப் பார்க்காம பஸ் ஏறிட்டார்.

நான் கெங்கம்மாளை வெளியில வழிமறிச்சு, வாய்க்கொழுப்பால ஒரு மரத்தையே தொலைச்சுட்டீங்களேம்மான்னு திட்டியே விட்டேன்.

கெங்கம்மாள் முந்தானையால முகத்தைத் துடைச்சுக்கிட்டாங்க.

"அவன் பங்கு வெறும் பாறைங்க, சாமைகூட வெளையாது. ரெண்டு பொட்டப் புள்ளைங்கள வெச்சிக்கினு வயித்துக்கில்லாம கெடக்கறான். மரத்த நீயே வெச்சிக்கடான்னு நாலு வாட்டி போயி சொன்னேன். நீ இன்னா பிச்ச போடறது, கோர்ட்ல வாங்கிக்கறேன்னு தொரத்திட்டான்."

பையைத் தோள்ல மாட்டிக்கிட்டாங்க.

"அவன் கெலிச்சாத்தான வாங்கிப்பான்? நீங்க நடுவுல பூந்திருந்தா நாந்தான கெலிச்சிருப்பேன்."