இடது வரிசை

"கட்!" என்று கத்தினேன். அது நான்காவது டேக்.

கணினி ஆய்வகத்துத் திரையில் வகுப்பறை அப்படியே உறைந்து நின்றது. கரும்பலகை, பெஞ்சுகள், ஓர் இறக்கை வளைந்த மின்விசிறி என்று எங்கள் எட்டாம் வகுப்பைப் பிள்ளைகள் கணினிக்குள் அச்சு அசலாகக் கட்டியிருந்தார்கள்.

உள்ளே ஆளுக்கொரு பொம்மை. விசையை அழுத்தினால் நடக்கும், உட்காரும், கை தூக்கும். ஒரே ஒரு பொம்மைக்கு மட்டும் உருவம் கிடையாது. அது பார்ப்பதெல்லாம் படமாகப் பதிவாகும். அதை ஓட்டியது நான்.

'எங்கள் பள்ளியில் ஒரு நாள்.' ஏழு நிமிடப் படம். நான்கு மணிக்குள் போட்டிக்கு அனுப்பியாக வேண்டும். மிச்சம் இருந்தது ஒரே காட்சி. உதவித் தலைமையாசிரியர் வகுப்புக்குள் வருகிறார், பெஞ்சுகளுக்கு நடுவே நடந்து நோட்டுகளைப் பார்க்கிறார். அவ்வளவுதான்.

அவருடைய பொம்மையை ஓட்டியவன் ஒட்டடைக்குச்சி. வகுப்பிலேயே உயரம், அதனால் கொடுத்தேன். சாருக்கு இருப்பதுபோலவே பொம்மையின் சட்டைப்பையில் மூன்று பேனாக்கள்கூட வைத்திருந்தான். அவன் நடத்திய நடையில் ஒரு குறை சொல்ல முடியாது.

குறை இடது வரிசையில் இருந்தது. அங்கே ஐந்து பெண் பிள்ளைகளின் பொம்மைகள். சார் பொம்மை பக்கத்தில் வந்ததும் ஐந்தும் ஒன்றன்பின் ஒன்றாகச் சுவர்ப்பக்கம் நகர்ந்தன. குரலுக்காகவே கீச்சு என்று பெயர் வாங்கியவளின் பொம்மை, நகர்ந்த வேகத்தில் பாதி உடம்போடு சுவருக்குள் புதைந்துவிட்டது.

"யாரு உங்களை நகரச் சொன்னா?"

"நாங்க நகரல டீச்சர். கை தானா அழுத்திருது."

பையன்கள் சிரித்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கை தானாக அழுத்துமாம்! வீட்டுப்பாடம் எழுத மட்டும் இதே கைகளிடம் நான் தவம் கிடக்க வேண்டும்.

கணினியில்தான் கோளாறு என்று முடிவு கட்டினேன். கோளாறாக இருக்க வேண்டுமே என்று உள்ளூர வேண்டிக்கொண்டேன் என்பதுதான் நிஜம்.

தலைமையாசிரியை பொம்மையை ஒட்டடைக்குச்சியிடம் கொடுத்து அதே பாதையில் நடத்தச் சொன்னேன். இடது வரிசை அசையவில்லை. காவலாளி பொம்மையை நடத்தச் சொன்னேன். கீச்சு அதற்கு ஒரு சல்யூட்கூட வைத்தாள்.

மறுபடியும் மூன்று பேனா பொம்மை. இந்தத் தடவை அது கதவைத் தாண்டியதுமே ஐந்தும் போய்ச் சுவரோடு ஒட்டிக்கொண்டன.

யாரும் சிரிக்கவில்லை.

ஐந்து பேரும் விசைப்பலகையையே பார்த்தபடி இருந்தார்கள். கீச்சுவின் இடது தோள் காதுவரை ஏறியிருந்தது. பொம்மைக்குத் தோளைக் குறுக்கத் தெரியாது, பாவம். அதனால்தான் சுவருக்குள் போயிருக்கிறது.

பிள்ளைகளைத் தட்டிக்கொடுத்து வளர்க்கிறவர் என்று பெற்றோர் கூட்டங்களில் உதவித் தலைமையாசிரியருக்கு ஏக மரியாதை. தட்டிக்கொடுக்கிற கை தோளில் எவ்வளவு நேரம் தங்குகிறது, அங்கிருந்து எங்கே இறங்குகிறது என்று எந்தப் பெற்றோரும் கேட்டதில்லை. பெற்றோருக்குத் தெரியாது. வகுப்பில் நிற்கிறவர்கள் கேட்டிருக்கலாம்.

கீச்சு நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். என்னம்மா என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். வாயைக்கூடத் திறந்துவிட்டாள்.

நான் கடிகாரத்தைப் பார்த்தேன். மூன்று இருபது.

"சரி, சார் நடக்க வேணாம். போர்டு பக்கத்துலயே நின்னு பேசட்டும்" என்றேன்.

கீச்சு வாயை மூடிக்கொண்டாள்.

ஒரே டேக்கில் முடிந்தது. ஐந்து பொம்மைகளும் சமர்த்தாக உட்கார்ந்திருந்தன. பெரிய பிரச்சினையைத் தீர்த்துவிட்டவள்போல அரை நிமிடம் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தேன். வெட்கங்கெட்ட முதுகு.

அப்போதுதான் கதவைத் திறந்துகொண்டு அவரே வந்தார். நேராக என் மேசைக்கு வந்து, பின்னால் நின்று, காட்சியை முழுதாகப் பார்த்தார்.

"என்ன டீச்சர், நான் மரம் மாதிரி நின்னுக்கிட்டே இருக்கேன்? பிள்ளைங்க நடுவுல நடந்து வர்ற மாதிரி வைங்க. அப்பதானே நம்ம அக்கறை தெரியும்."

"சரி சார்" என்றேன்.

ஏதோ 'டொக்'கென்று இடித்தது. ஆய்வகம் முழுவதும் திரும்பிப் பார்த்தது.

என் நாற்காலி. திரைக்கு நேர் எதிரே இருந்தது இப்போது பக்கத்துச் சுவரில் முட்டிக்கொண்டு நின்றது. அவர் உள்ளே வந்ததிலிருந்தே என் கால் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிக்கொண்டு வந்திருக்கிறது. எனக்கே தெரியவில்லை. இந்தப் பள்ளியில் சேர்ந்த பதினோரு வருடமாக, அவர் பக்கத்தில் வந்தாலே அந்தக் கால் அப்படித்தான்.

இடது வரிசைப் பெண்கள் ஐந்து பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவரை அல்ல, என் நாற்காலியை.

யார் நகரச் சொன்னது என்று கீச்சு என்னைக் கேட்கவில்லை.