எதனுடனும் சேராத கோடு

"பாம்பு இன்னும் அங்கேயேதான் கெடக்கா?" செருப்பைக் கழற்றாமல் வாசலில் நின்றபடியே கேட்டார் சங்கரபாண்டியன்.

"கெடக்கு அண்ணாச்சி. சுருண்டு படுத்துக்கிட்டு அசைய மாட்டேங்குது" என்றாள் துர்காதேவி, பார்வையை எடுக்காமல்.

அவர் உள்ளே வந்து அவளுடைய தோளுக்கு மேலாகக் கம்ப்யூட்டர் திரையை எட்டிப் பார்த்தார். செல்போனிலிருந்தே கிணற்று மோட்டாரைப் போடுகிற ஸ்டார்ட்டர் பெட்டிக்கான சர்க்யூட் போர்டின் வரைபடம் அது. நடுவில் எதனுடனும் சேராமல் ஒரு செம்புக் கோடு சுருண்டு கிடந்தது, பக்கத்தில் இரண்டு சின்னக் கீற்றுகள். பாம்பும் ரெண்டு குட்டியும் என்று அதற்குப் பெயர் வைத்தவன், மூலையில் சால்டரிங் செய்துகொண்டிருந்த மாரிக்கண்ணன்.

அருப்புக்கோட்டையில் இருந்த அந்தப் பட்டறைக்கு ஏ.ஐ. ஏஜென்ட் வந்து பத்து நாள்தான் ஆகியிருந்தது. போன மாதம் துர்காதேவி வரைந்து கொடுத்த போர்டால் பரளச்சிப் பக்கம் பதினோரு ஸ்டார்ட்டர்கள் கருகிப்போயின. "இன்னொரு தப்பு வந்துச்சு, நீ பாலவனத்தத்துல இருந்து பஸ்ஸு ஏற வேண்டியதே இல்ல" என்று அண்ணாச்சி அன்றைக்கே சொல்லிவிட்டார்.

அதற்காகத்தான் இந்த ஏஜென்ட். வரைபடத்தைத் திறந்து நூற்று நாற்பது விதிகளையும் ஒவ்வொன்றாகச் சரிபார்க்கும். தப்பு இருந்தால் தானே திருத்திவிட்டு மறுபடி முதலிலிருந்து பார்க்கும். பன்னிரண்டு மணிக்குள் ஃபைல் கோயம்புத்தூர் தொழிற்சாலைக்குப் போயாக வேண்டும். மணி பதினொன்றரை.

"நூத்தி முப்பத்தொம்பது பாஸு. ஒண்ணே ஒண்ணுதான் ஃபெயிலு" என்றாள் துர்காதேவி. "மோட்டார் கரண்டு ஓடுற பக்கத்துக்கும் சிம் கார்டு பக்கத்துக்கும் நடுவுல எட்டு மில்லிமீட்டர் ஒண்ணுமே இல்லாம வெத்தா கெடக்கணும். இது நட்ட நடுவுல கெடக்கு. இதப் பிடிச்சு கரண்டு அந்தப் பக்கம் தாவிரும்."

"மத்ததெல்லாம் அதுவே சரி பண்ணுச்சுல்ல? இத மட்டும் ஏன் விட்டுச்சு?"

"யாரோ பூட்டி வச்சிருக்காக. வேணும்னே வச்ச மாதிரி இருக்கு, கேக்காம அழிக்க மாட்டேன்னு சொல்லுது."

"வேணும்னேவா?" அண்ணாச்சியின் குரல் தெருவரை போனது. "எவன்லே அது? ஏலே மாரி, நீ மவுஸத் தொட்டியா?"

"நான் தொட்டிருந்தா அந்த எடம் வெந்துபோயிருக்கும் அண்ணாச்சி" என்றான் அவன், புகைக்கு நடுவிலிருந்து.

"அப்ப இந்தப் பிள்ளதான்."

துர்காதேவியின் முகம் சுண்டிப்போனது. ஏஜென்ட்டிடம் படபடவென்று ஒரு கேள்வியைத் தட்டினாள். பதில் வந்ததும் திரையை அவர் பக்கம் திருப்பினாள்.

"பழைய பதிவெல்லாம் பாத்துச் சொல்லுது, நீங்களே படிங்க. நான் மொதக் கோடு போடுறதுக்கு முன்னாடியே இது இருந்திருக்கு."

"அதெப்படிம்மா இருக்கும்? வெள்ளிக்கிழம நல்ல நேரம் பாத்து இந்த ஃபைல ஆரம்பிச்சு வச்சதே நான். அப்ப இதுல ஒரு பார்ட்டு கெடையாது, ஒரு கனெக்‌ஷன் கெடையாது. இப்ப நான் உன்ன நம்பவா, மிஷின நம்பவா?"

"ரெண்டு பேரும் ஒண்ணத்தான அண்ணாச்சி சொல்றோம்?"

மாரிக்கண்ணன் இருமுவதுபோல் சிரித்தான். அண்ணாச்சி முறைத்தார். மணி பதினொன்று ஐம்பது.

"இன்னொரு தடவ போர்டு கருகுச்சுன்னா பரளச்சிக்காரங்க பட்டறையப் பூட்டிட்டுத்தான் போவாங்க. போட்டது யாரா இருந்தாலும் சாயங்காலம் வீட்டுக்கு அனுப்பிருவேன், அது வேற விஷயம். மொதல்ல அத அழிச்சுத் தொலை."

"இது போர்டுக்கு அடிப்பக்கம் இருக்கு அண்ணாச்சி. மேல இருந்து பாத்தா கண்ணாடியில தெரியிற மாதிரி மாறித்தான் தெரியும். ஒரு தடவ புரட்டிப் பாத்துட்டு அழிச்சிருவோம். வேற எதையாவது சேத்து அழிச்சிட்டா அதுக்கும் நாந்தான் ஏச்சு வாங்கணும்."

அவள் ஒரு பட்டனைத் தட்டினாள். திரையில் போர்டு புரண்டது. இன்னொரு தட்டில் படுத்துக் கிடந்தது நிமிர்ந்து நின்றது. கீழே, அழிக்கலாமா என்று ஏஜென்ட் கேட்டுக்கொண்டிருந்தது.

எழுந்து வந்து பார்த்த மாரிக்கண்ணன், வாயைப் பொத்திக்கொண்டு திரும்பிப் போய் உட்கார்ந்தான்.

துர்காதேவி அண்ணாச்சியை நிமிர்ந்து பார்த்தாள். "ஆமான்னு அடிச்சிரவா?"

சங்கரபாண்டியனின் வலது கை தானாக மேலே போய் இரண்டு கன்னத்திலும் போட்டுக்கொண்டது.

"பொறு தாயி, அது நான் போட்ட பிள்ளையார் சுழி!"