அவளே சொல்லட்டும்

தையல் கூடத்தில் அன்று எல்லோர் நெற்றியிலும் ஒரு பட்டையைக் கட்டினார்கள். மனதில் ஓடுவதெல்லாம் மேலாளரின் திரையில் எழுத்தாக வருமாம்.

காஜா எடுப்பவளுக்குப் பகீரென்றது. பல வருடம் கழித்து உண்டாகியிருப்பது காலையில்தான் தெரிந்தது. புருஷனுக்கே இன்னும் சொல்லவில்லை. அதற்குள் இந்த மனிதருக்கா தெரிய வேண்டும்?

“பயப்படாதேம்மா, ஊசியா போடறோம்?” என்றார் மேலாளர்.

திரையில் ஒரே வரி வந்தது. ‘அதை அவளே சொல்லட்டும்.’

“யாருய்யா இப்படி எழுதி வச்சது?”

“சார், இன்னும் கரண்டே கொடுக்கலையே” என்றான் மெக்கானிக்.

கூடமே சிரித்தது. மேலாளர் பட்டைகளை அவசரமாகப் பெட்டியில் போட்டு மூடினார்.

சாயங்காலம் அவள் சொன்னதும் புருஷன் அவளை அப்படியே தூக்கிச் சுற்றினான். “ஐயோ, இறக்கி விடுங்க!”

மறுநாள் காலை, அணைந்து கிடந்த திரையில் ‘ரொம்ப சந்தோஷம்’ என்று இருந்தது. யாருக்கு என்று மட்டும் போடவில்லை.