தபால்பெட்டி மேல் வைத்த சாவி

“கேதீஸ் அண்ணைக்குச் சளியாம். வரேல்லையாம்.”

அனோஜன் போனை மேசையில் வைத்தபோது, நிரூபா பிளாஸ்கில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தாள். பாதி வெளியே போயிற்று.

“வெளிக்கிடுற நேரத்திலையோ? நேற்று மத்தியானம் கடையிலை கண்டனான். கல்லு மாதிரி நிண்டவர். என்ன திடீர்ச் சளி?”

கேதீஸ்வரன் அடுத்த தெருக்காரர். ஒவ்வொரு குளிர்காலமும் மலைக்குப் போய் வருகிறவர். அவரை நம்பித்தான் மவுண்ட் புல்லர் பனிமலைக்கு நாள் குறித்து, மகளுக்குப் பனிச்சறுக்கு வகுப்பும் பதிந்திருந்தார்கள். அனோஜன் பனி ரோட்டில் ஒருநாளும் கார் ஓட்டியதில்லை. மெல்பேர்ணில், அவர்கள் இருக்கும் நோபல் பார்க்கில் மழை தூறினாலே ஸ்டியரிங்கைக் கட்டிப்பிடிக்கிற ஆள்.

“அப்ப... நிப்பாட்டுவமோ?” என்றான்.

அறை வாசலில் மிருணாளினி நின்றாள். ஒன்பது வயது. போன வருடம் வாங்கிய ஜாக்கெட், மணிக்கட்டுக்கு மேலே ஏறி நின்றது. போன வருடம் பயணத்துக்கு முதல்நாள் கனடாவில் அனோஜனின் சித்தப்பா காலமாகி, சாவுத் துடக்கு, தீட்டு என்று எல்லாம் நின்றுபோனது. இந்த முறை ஒரு கிழமையாக அந்த ஜாக்கெட்டோடுதான் திரிகிறாள். பேர்த்டே வீட்டுக்கும் அதையே போட்டுக்கொண்டு போக, எல்லாரும் சிரித்தார்கள்.

“இட்ஸ் ஓகே அம்மா. ஐ நியூ இட்.”

அழுதிருந்தால்கூட நிரூபா தாங்கியிருப்பாள்.

“ஒண்டும் நிப்பாட்டுறேல்லை. இதுதான் கடைசிக் கிழமை, பிறகு பனி இராது. எங்கட காரிலை போவம்.”

“எங்கட கார் அந்த மலை ஏறுமோ எண்டு...”

வெளியே ஹோர்ன் சத்தம். கேதீஸ்வரனின் ஜீப். அவர் இறங்கி நடைபாதையில் நின்றார். சவரம் செய்யாத முகம். கண் சிவந்திருந்தது.

“என்ரை ஜீப்பைக் கொண்டு போங்கோ. நாலு சில்லும் இழுக்கும். பனிக்குச் சில்லிலை கட்டுற சங்கிலி பின்னாலை கிடக்கு.”

“உள்ளை வாங்கோ அண்ணை. தேத்தண்ணி குடிச்சிட்டுப் போகலாம்.”

“வேண்டாம் தங்கச்சி.”

நிரூபா கோப்பையோடு கேற்றடிக்கு வந்தாள். அவர் இரண்டடி பின்னால் போனார். “அங்கிள்!” என்று ஓடிவந்த மிருணாளினியையும் கையை நீட்டி மறித்தார்.

“கிட்ட வராதையம்மா. அங்கிளுக்குச் சளி.”

அனோஜன் சாவிக்குக் கை நீட்டினான். கேதீஸ்வரன் அதைத் தபால்பெட்டி மேல் வைத்தார்.

“அனோஜன், வழியிலை ஆர் எடுத்தாலும் கதையாதையும். ரெண்டு பேரும் போனை அணைச்சு வையுங்கோ. கண் ரோட்டிலை இருக்கட்டும். ஜீப்பிலை இருக்கிற திரையே வழி காட்டும்.”

திரும்பி நடந்தார். ‘போட்டு வாறன்’ என்றுகூடச் சொல்லவில்லை.

“கண்டியளே?” நிரூபாவுக்கு முகம் எரிந்தது. “ஒரு வாய் தேத்தண்ணி குடிக்கேல்லை. சாவியைக்கூடக் கையிலை தரேல்லை. சளியும் இல்லை, கிளியும் இல்லை. பேர்த்டே வீட்டிலை, ‘அண்ணை மலையிலை ஆமை மாதிரித்தான் ஓடுவார்’ எண்டு நான் பகிடி விட்டனான். அது அவற்றை மனசிலை கொளுவிப்போட்டுது.”

“அப்ப ஏன் ஜீப்பைத் தந்தவர்?”

“தந்து என்ரை முகத்திலை அடிச்சிருக்கிறார்!”

மலை ரோட்டில் ஒருபக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம். நிரூபா காலடியில் இல்லாத பிரேக்கை மிதித்து மிதித்துக் களைத்தாள். சங்கிலி கட்டுகிற இடத்தில் அனோஜன் சேற்றில் முழங்காலிட்டு, எது முன்பக்கம் எது பின்பக்கம் என்று தெரியாமல் முழித்தான்.

“இந்த நேரத்திலை அந்தாள் பக்கத்திலை நிண்டிருக்க வேணும்,” என்றாள் நிரூபா. அடுத்த வளைவிலும் சொன்னாள். அதற்கடுத்த வளைவிலும்.

மேலே, மிருணாளினி முதல் தரம் விழுந்தபோது நிரூபா சறுக்கிச் சறுக்கி ஓடினாள். எழும்பிய பிள்ளையின் வாய் நிறையப் பனி.

“அம்மா, இதிலை ஒரு டேஸ்டும் இல்லை!” என்று கத்திச் சிரித்தாள்.

அவள் அப்படிச் சிரித்து நிரூபா கண்டதில்லை.

பொழுது படும்போது நோபல் பார்க்குக்குத் திரும்பினார்கள்.

“நேரே அவற்றை வீட்டை விடுங்கோ. அவர் வைச்ச மாதிரியே நானும் சாவியைத் தபால்பெட்டியிலை வைச்சிட்டு வாறன். உள்ளை போகமாட்டன்.”

ஆனால் அந்தத் தெருவில் ஜீப்பை விட இடம் இல்லை. வரிசையாகக் கார்கள். தள்ளி நிறுத்திவிட்டு மூவரும் நடந்தார்கள். கேதீஸ்வரன் வீட்டு வாசல் நிறையச் செருப்புகள். திறந்த கராஜுக்குள் கதிரைகள் போட்டு ஆட்கள் பேசாமல் இருந்தார்கள்.

நிரூபாவின் கையிலேயே சாவி நின்றது.

கேதீஸ்வரனின் மனைவி யோகா அவிழ்ந்த தலைமயிரோடு வெளியே வந்தாள்.

“மாமி, இவற்றை அம்மா, ஊரிலை மோசம் போயிட்டா, நிரூபா. விடியக்காலமை செய்தி வந்தது. இவர் நாளைக்குப் போறார்.”

“விடியக்காலமையோ? அப்ப... ஏன் அக்கா எங்களுக்கு ஒரு சொல்லுச் சொல்லேல்லை?”

“சொல்லியிருந்தால் நீங்கள் மலைக்குப் போயிருப்பியளே?” யோகா மிருணாளினியின் சிவந்த மூக்கைப் பார்த்தாள். பிறகு ஜாக்கெட் எட்டாத அவளுடைய மணிக்கட்டைப் பார்த்தாள். “அந்த ஜாக்கெட் அடுத்த வருசம் பிள்ளைக்குக் காணாது எண்டு இவர்தான் சொன்னவர்.”