பத்து மணித் தேத்தண்ணி

மூடுபனி இன்னும் தேயிலை மலையை விட்டு இறங்கவில்லை. மகள் காத்தாயிக்குப் போத்தலில் தேத்தண்ணி கொண்டு வந்த அம்மாக்கண்ணு, அவள் தன் நிரைச் செடிகளில் கொழுந்து ஆய்ந்து முடித்து வரும்வரை செடியோரம் நிற்கிறாள். வயதாகிவிட்டதென்று தோட்டத்து வேலையிலிருந்து இவள் பேரை வெட்டி இரண்டு மாதமாகிறது. பகலெல்லாம் லயத்து வீட்டுக் காம்பராவில் அடுப்புப் புகையோடு தனியாகக் கிடப்பவளுக்கு, பழகிய முகங்களைப் பார்க்க இந்த ஒரு போத்தல் தேத்தண்ணிதான் வழி. கீழே வட்டவளைப் பக்கம் ரயில் ஊதுகிறது. சுற்றிலும் கொழுந்து ஒடியும் சத்தம். “ஏன்டி அம்மாக்கண்ணு, யாரு கூடைக்குடி ஆயுற?” என்று மேல் நிரையிலிருந்து ஒருத்தி சிரிக்கிறாள். அப்போதுதான் அம்மாக்கண்ணு தன் கைகளைப் பார்க்கிறாள். அவை கொழுந்தை ஆய்ந்து ஆய்ந்து தோளுக்கு மேலே பின்னால் எறிந்துகொண்டிருக்கின்றன. முதுகில் கூடை இல்லை. ஈர மண்ணெல்லாம் பச்சை.

கங்காணி வந்து குச்சியால் அதைக் கிளறுகிறார். “ஏ கெழவி, தொரை பாத்தா களவுன்னுவாரு. இன்னொரு தடவ இப்படிப் பண்ணுனா, நாளு முழுக்க வேல செஞ்சாலும் ஒம் மகளுக்கு அரைப்பேருதான், பாதிச் சம்பளந்தான்.” “தெரியாமப் பண்ணிட்டேனுங்க,” என்று பொறுக்கக் குனிகிறாள். “தொடாத!” என்று அதட்டுகிறார் கங்காணி. எல்லாவற்றையும் கேட்டபடி காத்தாயி கூடையோடு வந்து நிற்கிறாள். யாரையும் பாராமல் தேத்தண்ணியை ஒரே மூச்சில் குடிக்கிறாள். வெறும் போத்தலைத் தாயிடம் தராமல் இடுப்பில் கட்டிய சாக்குக்குள் செருகிக்கொள்கிறாள். “நாளையிலேருந்து காலையிலயே நானே கொண்டாந்துக்கிறேம்மா,” என்கிறாள். “ஆறிப்போனாலும் குடிச்சுக்குவேன்.”